சாமி நாயின் பங்கு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் அமிர்தலிங்கம் ஐயா அவர்களே! வீரனார் கோயில் பூசாரி துரைராசு அவர்களே! குறுவை நடவை முடித்துவிட்டு, கைச்சேறு காயுமுன்னே வந்து கூடியிருக்கும் தாய்மார்களே! நன்னிலத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் நல்லவர்களே! கால்நடை ஆய்வு செய்யும் குந்தவை, உங்கள் ஊர்ப் பெண், வணங்குகிறேன்.

நாளை கிடாவெட்டு. அதனால்தான் இன்றே பேச வந்தேன்.

பனி கொட்டும் நாடுகளில் நரியின் குடலில் குடியிருந்து, மனிதனின் ஈரலை அரித்துத் தின்னும் ஒரு நாடாப்புழு உண்டு. அது நம் வயல் நரியிடமும் உண்டா என்று தேடினேன். வரப்பெல்லாம் தேடினேன், வாய்க்காலெல்லாம் தேடினேன். நரியிடம் இல்லை. ஆனால் அதன் பங்காளிப் புழு கிடைத்தது. எங்கே? நம் கோயில் வாசலில், சாமி நாய் என்று நாம் சோறு போட்டு வளர்க்கிறோமே, அந்த நாயிடம்!

ஊட்டியது யார்? நாம்தான்! வெட்டிய கிடாவின் ஈரலில் நீர்க்கட்டி விழுந்திருந்தால் அதை நாம் தின்பதில்லை. சாமி நாயின் பங்கு என்று பச்சையாகப் போடுகிறோம். கட்டிக்குள் இருக்கும் புழுக்குஞ்சு நாயின் குடலில் வளர்கிறது. முட்டை அதன் கழிவில் இறங்கி மண்ணிலும் ஆடு மேயும் புல்லிலும் நாயின் மயிரிலும் ஒட்டுகிறது. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்டால், முட்டை நம் வயிற்றுக்குள் போய், ஈரலில் நீர்க்கட்டியாக வளர்ந்துவிடுகிறது.

என்னங்க? நாயை எல்லாம் அடித்துவிடலாமா? வேண்டாம் ஐயா, அது கேட்டா வாங்கித் தின்றது?

என் அண்ணன் மதிவாணனின் மகள் செம்மொழி வயிறு வலிக்கிறது என்றாள். அண்ணன் கிடா நேர்ந்துகொண்டார். நான் ஸ்கேனுக்கு அழைத்துப்போனேன். ஈரலில் எலுமிச்சை அளவுக்கு நீர்க்கட்டி! படித்த படிப்பெல்லாம் பயமாக மாறிப்போனது. அடுத்த வாரம் தஞ்சாவூரில் ஆபரேஷன். உள்ளேயே உடைந்தால் உயிருக்கு ஆபத்து. எனக்கு உறக்கமே இல்லை.

நாளை வெட்டப்போவது அவளுக்காக நேர்ந்த கிடா! அதன் ஈரலிலும் கட்டி இருந்தால் யாருக்குப் போகும்? நாய்க்கு! நாயிடமிருந்து யார் வீட்டுப் பிள்ளைக்கு? சாமி பங்கைக் குறைக்கச் சொல்லவில்லை, நன்றாக வேகவைத்துப் போடுங்கள் என்கிறேன். கட்டி விழுந்ததை ஆழக் குழிவெட்டிப் புதையுங்கள். நாய்க்கு மாத்திரை நான் தருகிறேன்.

பூசாரி ஏதோ சொல்கிறார். "பச்சையாப் போடுறதுதாம்மா வழக்கம். சாமி கோவிச்சுக்கும்" என்கிறார். அந்த அச்சம் எனக்கும் உண்டு ஐயா. ஆனால் இந்த அச்சம் அதைவிடப் பெரிதாக இருக்கிறதே!

இதோ, என் அண்ணன் எழுந்து நிற்கிறார். பேசுங்க அண்ணா. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம், அவர் சொன்னதை நானே சொல்கிறேன்: "அடுப்ப நான் மூட்டுறேன் பூசாரி. எம்புள்ளைக்கு நேர்ந்த கிடா. சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

பூசாரி மறுக்கவில்லை, தலையசைத்துவிட்டார். இனி எனக்குப் பேச ஒன்றுமில்லை. என் அச்சத்தைப் பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.