நின்றபடியே நடக்கும் கூட்டம்

– வீட்டுல யாரும் உக்கார முடியல, டீச்சரம்மா. காலையில ஏழு மணியானா குடும்பமே ஃப்ரிட்ஜுக்கு முன்னால வரிசையா நிக்குது. கேட்டா, காலேஜுல எஸ்தர் மேடம் சொல்லிக் குடுத்தாகன்னு எம்மக சொல்றா.

– யூனுஸ் பாய், நான் சனோபர் கிளாசுக்கு நடத்துனது சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பாக்குற முறை. ஸ்க்ரம்னு பேரு. தினமும் கொஞ்ச நேரம், நின்னுக்கிட்டே ஒரு கூட்டம். நேத்து என்ன செஞ்ச, இன்னிக்கு என்ன செய்யப்போற, அதுக்கு என்ன தடை. அம்புட்டுதான். வீட்டுல ஒரு வாரம் செஞ்சு பாருங்கன்னேன்.

– அந்த வாரம் முடிஞ்சு ரெண்டு பெருநாள் போயிருச்சு. கூட்டத்துக்குத் தலைவரு நாந்தேனாம். சூட்கேஸ் கடைக்காரனுக்குச் சம்பளமில்லாத ஒரு பதவி.

– ஸ்க்ரம் மாஸ்டர்னு சொல்லுவாங்க, பாய்.

– என்ன மாஸ்டரோ. செல்லூர்ல இருந்து எம்மச்சான் வந்தாரு, அவரையும் நிக்க வச்சுட்டா. முட்டிவலிக்காரரு. தடை என்னன்னு கேட்டா, நிக்கிறதுதேன் தடைன்னுட்டாரு.

– சிரிக்கக் கூடாதுன்னு பாக்குறேன்.

– சிரிங்க, பரவாயில்ல. பூனைகூட மணி ஏழுக்கு டாண்ணு வந்து, எம்மகன் மன்சூருக்கும் அவுக அம்மாவுக்கும் நடுவுல நிக்குது. நேத்து என்ன செஞ்சேன்னு அது சொல்லாது. பால் சட்டியப் பாத்தாத் தெரியும்.

– பாய், ஒன்னு கேக்குறேன். சனோபர் இன்னிக்கு வரல. போனும் எடுக்கல. படிப்ப நிப்பாட்டத்தான் வந்திருக்கீங்களா?

– இருங்க, வாரேன் அதுக்கு. ஒருத்தரு தடையச் சொன்னா, அப்புறம் என்ன செய்யணும்?

– அதை எடுத்துவிடுறது மாஸ்டர் பொறுப்பு.

– எடுத்துவிட்டேன்ல. வீட்டுக்காரி ஹாஜரா மிக்ஸி ஓடலைன்னு சொன்னா, மத்தியானமே புதுசு வந்துருச்சு. மன்சூருக்குக் கணக்கு ஏறலைன்னான், டியூசன் வச்சேன். சனோபர் மட்டும் ஒரே பாட்டு. ஒன்னுமில்ல அத்தா, ஒன்னுமில்ல அத்தா.

– இல்லாம இல்ல, பாய். நாளைக்குச் சென்னையில அவளுக்கு இன்டர்வியூ. எங்க காலேஜுல இருந்து கடைசி ரவுண்டுக்குப் போறது அவ ஒருத்திதான். வீட்டுல விடமாட்டேங்கிறாங்கன்னு என் முன்னால அழுதா.

– வேணாம்னது நாந்தேன். மேலூரைத் தாண்டித் தனியாப் போகாத பிள்ள. அங்கன யாரு இருக்கா நமக்கு?

– அதுக்காக அவ இம்புட்டு நாள் படிச்சதெல்லாம்?

– நேத்தும் நின்னோம். என்னம்மா தடைன்னு கேட்டேன். குனிஞ்ச தலை நிமிரல. ஹாஜரா என்னையப் பாத்தா. மன்சூர் என்னையப் பாத்தான். சத்தியமாச் சொல்றேன், பூனையும் திரும்பி என்னையத்தேன் பாத்துச்சு.

– பூனையுமா, பாய்?

– ஏன் டீச்சரம்மா, தடைய எடுக்க வேண்டியவனே தடையா நின்னா என்ன செய்யணும்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கா?

– இல்ல, பாய். நானும் நடத்தல. சனோபர் எங்க இருக்கா, அதை மொதல்ல சொல்லுங்க.

– ஷோகேஸ்ல இருந்த செவப்பு சூட்கேஸ எடுத்துக் குடுத்து, வெள்ளனத்துல தாயும் மகளுமா மெட்ராஸ் பஸ்ஸுல ஏத்திவிட்டேன். இந்நேரம் திருச்சி தாண்டியிருப்பாக. ரெண்டு நாள் லீவு, அதச் சொல்லத்தேன் வந்தேன்.