ஒரு பக்க நன்றி

சுவிஸின் துன் ஸ்டேஷனிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஹோட்டல் வேலை முடித்து வந்த இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவள் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தங்கரைக் காட்டை வெட்டி கார் பார்க் கட்டாதேங்கோ, அந்த மர நிழல் விழுற தண்ணியிலதான் ஃபொரெல் மீன் முட்டை விடுறதெண்டு எங்கட ஊர்ச்சபைக்கு, அந்தக் கெமைண்ட ஒபிசுக்குக் கடிதம் போட்டனான். 'உங்கட பாராட்டுக்கு நன்றி' எண்டு பதில் அனுப்பியிருக்கிறாங்கள், அக்கா!"

"அப்பிடி என்னத்தை எழுதினனி?"

"எங்களுக்கு வாழ்வு தந்த நாட்டுக்கு நன்றியெண்டு தொடங்கினனான். அதுவே ஒரு பக்கம் வந்திட்டுது."

"காட்டைப் பற்றி?"

"அது கடைசியில. அதுவரைக்கும் வாசிக்க அவங்களுக்குப் பஞ்சி!"

"இப்ப என்ன செய்யப்போறாய்?"

"திரும்ப எழுதிட்டன். முதல் வரியே 'வெட்டாதேங்கோ' தான்."

"நன்றி சொல்லேல்லையோ?"

"மரம் நிக்கட்டும். பிறகு சொல்லுறன்."