கீழ்ப்பலகை

ஹெல்வி: ஆவிக்குளியலுக்கு வந்து, உடை மாத்துற அறையில உக்காந்திருக்கிறவங்களும் கேளுங்க. கதவைத் திறந்தேதான் வச்சிருக்கேன். எனக்கு நடந்திருக்கிற அநியாயத்துக்கு நீங்கதான் சாட்சி.

லெம்பி: கதவை மூடு, ஹெல்வி. ஆவி போகுது. காலையில இருந்து விறகு போட்டு மூட்டினவ நான்.

ஹெல்வி: மூட்டுறது நீ. முதல் சூடு ஆம்பளைங்களுக்கு. மிச்சம்தானே நமக்கு... அது போகட்டும். உன் கையில இருக்கிற பிர்ச் கொத்து, உடம்புல தட்டிக்கிற அந்த இலைக்கொத்து, யார் கட்டினது?

லெம்பி: கொத்துல பேரா எழுதியிருக்கு? முதுகைத் திருப்பு, தட்டி விடுறேன்.

ஹெல்வி: அதால என்னைத் தொடாதே. முறுக்கு இடப்பக்கமா போகுது. இந்த ஏரிக்கரையில இடக்கையால கொத்துக் கட்டுறவன் என் புருஷன் ஓஸ்மோ ஒருத்தன்தான்.

லெம்பி: ...கண்ணு கூர்மைதான் உனக்கு.

ஹெல்வி: பரண்ல காயிற கொத்தை நான் தொட்டாலே ஓஸ்மோ முறைப்பான். 'உனக்குக் கை இல்லையா, நீயே கட்டிக்கோ'ம்பான். உனக்கு எப்படிக் கிடைச்சது?

லெம்பி: அவன்தான் குடுத்தான். நன்றிக்கு.

ஹெல்வி: எதுக்கு நன்றி?

லெம்பி: சூட்டுக் கல்லுல கொஞ்சம் தண்ணி ஊத்தேன், ஆவி வரட்டும்...

ஹெல்வி: ஊத்த மாட்டேன். சனிக்கிழமையானா எல்லா வீட்டு ஆம்பளையும் வெந்த நண்டு மாதிரி சிவந்து வர்றான். என் ஆளு வெளுத்துப்போய் வர்றான். தலை மட்டும் ஈரம். ஆவியில உக்காராதவன் வேற எங்க உக்காந்திருந்தான்?

லெம்பி: இந்த விதவை வீட்டுலன்னு நினைச்சியா?

ஹெல்வி: நினைக்கல. பார்த்தேன்.

லெம்பி: என்ன பார்த்த?

ஹெல்வி: அவன் வெளுத்து வர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை, விறகெடுக்க வந்து கொட்டகைக்குப் பின்னால நின்னேன். வெட்கமாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் நின்னேன். படித்துறைப் பனியில, உன் மடியில தலை வச்சுப் படுத்திருந்தான். நீ கன்னத்தைத் தடவின. அதுக்கு மேல பார்க்க முடியாம ஓடிட்டேன்.

லெம்பி: கொஞ்சம் நின்னிருக்கலாம். அவன் வாந்தி எடுத்ததையும் பார்த்திருப்ப.

ஹெல்வி: என்ன சொல்ற?

லெம்பி: அன்னிக்கு உள்ள, சூடு அதிகமா இருக்கிற மேல்பலகையில யாரு கடைசிவரை உக்காருறதுன்னு போட்டி. முதல்ல இறங்குறவன் பொட்டைன்னு பேச்சு. உன் ஆளு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தான். அப்புறம் நேரா, முங்கிக் குளிக்க ஏரிப்பனியில வெட்டின துளைக்கு ஓடினான். ஏணியில கால் வச்சதும் தண்ணிக்குள்ள சரிஞ்சான். மத்தவங்க உள்ள பாடிட்டு இருந்தாங்க. முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டேன்.

ஹெல்வி: ...உயிர் போயிருக்குமா?

லெம்பி: நெஞ்சுல கோளாறு. கொதிக்கிற ஆவியும் கூடாது, பனித்தண்ணியும் கூடாதுன்னுட்டாரு டாக்டர். இப்போ எல்லாரும் வர்றதுக்கு முன்னாலயே வந்து, பாதி சூட்டுல கீழ்ப்பலகையில உக்காந்திருப்பான். தலையை நனைச்சுக்கிட்டு, 'நான் முடிச்சாச்சு'ன்னு கிளம்பிடுவான்.

ஹெல்வி: டாக்டர்கிட்ட யார் கூட்டிட்டுப் போனது?

லெம்பி: நான்தான்.

ஹெல்வி: நீ அவனுக்கு முத்தம் குடுத்திருந்தாகூட இவ்வளவு எரியாது, லெம்பி. பயத்தைக் கொண்டுவந்து உன்கிட்ட குடுத்திருக்கான். அது என் பங்கு.

லெம்பி: எடுத்துக்கோ. எனக்கு மட்டும் என்ன ஆசையா?

ஹெல்வி: என்கிட்ட ஏன் சொல்லல?

லெம்பி: உன் அண்ணன் மேல்சூடு தாங்காம கீழ்ப்பலகையில உக்காந்தான்னு கேள்விப்பட்டு, 'பாவாடை தைச்சுத் தரவா'ன்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா? ஊரே சிரிச்சுது. ஓஸ்மோவும் சேர்ந்து சிரிச்சான்.

ஹெல்வி: இரு, முகத்தைத் துடைச்சுக்கிறேன்.

லெம்பி: கண்ணு எரியுதா? ஆவி அப்படித்தான்.

ஹெல்வி: அந்தக் கொத்தைக் குடு.

லெம்பி: தர மாட்டேன். பனியில உக்காந்தவ நான்.

ஹெல்வி: சரி, வச்சுக்கோ... வெளியில இருக்கிறவங்களே, போகாதீங்க. சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டேன். சொல்லுங்க, அநியாயம் பண்ணினது நான்தான்னு. சொல்லிட்டு வீட்டுக்குப் போய், உங்க ஆளு எந்தப் பலகையில உக்காருறான்னு கேளுங்க. கீழன்னு சொன்னா சிரிக்காதீங்க. அடுத்த சனிக்கிழமை முதல் சூடு அவங்களுக்கு, மிச்சம் நமக்குங்கிற வழக்கத்தை ஏரியில போடுங்க. கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்து, கீழ்ப்பலகையில அவன் பக்கத்துல உக்காருங்க.