சோதனைப் பட்டியலில் ஓர் எண்

பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் நான் படியிறங்குவேன். அலுவலகத்திலும் அப்படித்தான். அதனால்தான் நிர்வாகியின் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தார்கள். 'கணினியில் ஏதோ கோளாறு' என்று உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். கோளாறு எதுவும் இல்லை. நான் அமைத்தபடிதான் எல்லாம் நடந்தது.

தனியாக வாழும் நோயாளிகளின் வீட்டுக்கு ஆள் அனுப்புவது எங்கள் நிறுவனத்தின் வேலை. முன்பு ஆறு பெண்கள் உட்கார்ந்து அழைப்புகளை எடுத்தார்கள். போன வருடம் முதல் ஏஜென்ட் எடுக்கிறது. மனிதக் குரலில் பேசும் மென்பொருள் அது. என்ன வேண்டும் என்று விசாரிக்கும், பணியாளரை அனுப்பும், அவசரமென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடும். அது எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை ஒரே திரையில் நான் அமைப்பேன். அங்கே ஒன்றை மாற்றினால் பதினெட்டுக் கிளைகளிலும் மாறும். கிளையில் இருப்பவர்களால் அதைத் திருத்த முடியாது. பார்க்கவும் முடியாது.

அந்தத் திரையின் அடியில் 'சோதனை எண்கள்' என்று ஒரு பட்டியல் உண்டு. புதிதாக ஏதாவது அமைத்தால் எங்கள் போன்களிலிருந்தே கூப்பிட்டுப் பார்ப்போம். விழுந்துவிட்டேன் என்று பொய் சொல்லும்போது நிஜ ஆம்புலன்ஸ் கிளம்பிவிடக் கூடாதல்லவா. பட்டியலில் உள்ள எண்ணோடு ஏஜென்ட் வழக்கம்போலவே பேசும். ஆள் அனுப்பச் சொல்லிக் கட்டளையும் கொடுக்கும். ஆனால் கட்டளை வெளியே போகாது. 'அனுப்பியாயிற்று' என்று அதற்கு ஒரு பதில் மட்டும் வரும். பாவம், அதுவும் நம்பிவிடும். பேசியதெல்லாம் என் திரையில் வரிவரியாக வந்துகொண்டிருக்கும்.

என் அக்காவும் எங்கள் வாடிக்கையாளர்தான். நரம்பு நோய். கால்கள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தன. போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிடுவாள். பாட்டில் மூடி திறக்கவில்லை. திரைச்சீலை சிக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் கதவை ஓங்கிச் சாத்துகிறார்.

"ஏண்டி, உன் மெஷின் என்னை அம்மாங்குது," என்பாள் என்னிடம். "கல்யாணமே ஆகாதவளுக்கு இவ்வளவு பெரிய புள்ளையா? ஊர் என்ன பேசும்?"

எங்கள் மேலாளருக்கு 'பூஜ்ஜியம்' என்று பெயர் வைத்திருந்தோம். கவனிக்கப்படாத அழைப்புகளின் நிலுவை பூஜ்ஜியமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் ஓதுவார். ஒருநாள் என் மேசைக்கு வந்தார். "உங்க அக்கா ஒருத்தங்களே அந்தக் கிளையைக் கவுத்துடுவாங்க போலிருக்கே. கொஞ்சம் சொல்லி வைங்க," என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சோதனை அழைப்புகள் நிலுவைக் கணக்கில் வராது. அன்று பிற்பகலே அக்காவின் எண்ணைப் பட்டியலில் சேர்த்தேன். எந்த மாற்றத்துக்கும் திரை ஒரு காரணம் கேட்கும், எழுதாமல் சேமிக்க விடாது. 'குரல் தரச் சோதனை' என்று எழுதினேன்.

மாலைகளில் நானே போய் மூடிகளைத் திறந்து வைத்தேன்.

"வர்றாங்க வர்றாங்கன்னு சொல்றானே தவிர ஒருத்தரையும் காணோம்," என்றாள் அக்கா. "உன்னை மாதிரியேதான். ஆனா உன்னைவிட மரியாதையா சொல்றான்."

"ஆள் பத்தலைக்கா."

"போகட்டும் விடு. பேச்சுத்துணைக்காவது ஆச்சு."

இருபத்திரண்டு நாள் அப்படிப் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் திரையில் அவள் வரி வந்தது.

"பாத்ரூம்ல விழுந்துட்டேன்பா. தலையில அடி. எழுந்திருக்க முடியல."

"பயப்படாதீங்கம்மா. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. நான் லைன்லயே இருக்கேன்."

பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் கட்டளை வெளியே போகும். எண்ணை நீக்கும் பொத்தானை அழுத்தினேன். காரணம் கேட்டது. 'தவறுதலாகச் சேர்க்கப்பட்டது' என்று எழுதினேன். இருபத்திரண்டு நாளாகவா என்று கேட்பார்கள். அழித்தேன். 'சோதனை முடிந்தது' என்று எழுதினேன். சரியாக அவள் விழுந்த நிமிடத்திலா? அதையும் அழித்தேன். தணிக்கையில் படிப்பார்கள், பொருத்தமாக இருக்க வேண்டும்.

போனை எடுத்து நேராக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கப்போகிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா வீட்டுக்குக் காரில் பன்னிரண்டு நிமிடம். பதற்றத்தில் தோன்றவில்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள். தோன்றியது. பத்து நிமிடத்துக்குப் பிறகு நான் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன்.

எங்கள் பெற்றோர் போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபது. எனக்காக எதையெல்லாம் விட்டாள் என்று அக்கா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டிருப்பேன். அதன் பிறகு இரண்டு பேரும் சமமாகியிருப்போம். அவள் அதற்கும் இடம் வைக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் தோள்கள் தாமாக இறங்கின. நாளை மாலை எங்கும் போக வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த மாலைகளெல்லாம் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஐம்பது நிமிடம் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "இதோ வந்துடுவாங்கம்மா" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. "நீயும் எத்தனை தடவைதான் சொல்லுவ, உனக்கும் வாய் வலிக்காதா?" என்றாள் அக்கா. நான் ஒரு வரி விடாமல் படித்தேன். கடைசியில் ஏஜென்ட் கேட்டது:

"உங்க தங்கச்சிக்குத் தகவல் சொல்லட்டுமாம்மா?"

"வேண்டாம்பா. ஆபீஸ்ல இருப்பா, பயந்துடுவா. அதான் ஆம்புலன்ஸ் வருதே."

அதற்குப் பிறகு ஏஜென்ட்டின் வரிகள் மட்டும்தான் வந்தன.

அக்காவின் அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். அக்கா பேச்சைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை.