நாற்பத்தோரு இடங்களில் ஒரு சொல்

இந்த நாற்காலி ஆடுகிறது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. ஓர் அட்டையை நான்காக மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். இருக்கட்டும், எனக்குப் பழக்கதோஷம். ஓரிடத்தில் நேராக நிற்கிற பொருள் இன்னோரிடத்தில் ஏன் ஆடுகிறது என்று பார்ப்பதுதான் பதினோரு வருடமாக என் வேலை.

நிபுணர் என்று சொல்லி என்னை வரவழைத்திருக்கிறீர்கள். கழிவுநீர் நிலையத்தில் பம்ப் கிணற்றுக்குள் இறங்கிய இரண்டு பேர் விஷவாயுவில் செத்தார்கள். மேலே திரையில் மட்டும் வாயுவின் அளவு நான்கு என்றே கடைசிவரை நின்றது. அது எப்படி என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டியிருக்கும்.

நீங்கள் காவலில் வைத்திருப்பவர் எனக்கு மாப்பிள்ளை முறை. கல்லூரி விடுதியில் நாங்கள் ஒரே அறை. அப்போதே கேலியாக மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். பிறகு என் தங்கையையே கட்டிக்கொண்டார். கேலி உறவாகிவிட்டது.

கருவிகள் அனுப்பும் அளவுகளை வாங்கி, சரிபார்த்து, திரைக்குக் கொடுக்கிற நிரல் நூலகம் ஒன்றை சி என்ற கணினி மொழியில் இருவரும் தொடங்கினோம். முதல் வடிவத்தை எழுதியவர் அவர். மூன்றே வாரம். அழகாகவும் எழுதினார், அதை மறுக்க மாட்டேன். ஒரே குறை, அது அவருடைய கணினியில் மட்டும்தான் ஓடியது.

மற்ற இடங்களில் ஓடவைத்தவன் நான். யூனிக்ஸ் வழியில் வந்த இயங்குதளங்கள் பங்காளிகள் மாதிரி. ஒரே தாத்தா, ஒரே முகஜாடை, ஆனால் ஒருவர் வீட்டு வழக்கம் அடுத்தவர் வீட்டில் செல்லாது. என்ன பிழை என்று ஓரிடத்தில் கேட்டால் விவரத்தைச் சொல்லும், அதே பெயரால் இன்னோரிடத்தில் கேட்டால் ஒரு பூஜ்யத்தை நீட்டும். இங்கே இருக்கிற கோப்பு அங்கே இருக்காது. இப்படிப் பதினேழு பங்காளிகளோடு நான் குடித்தனம் நடத்தினேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய கணினி வாங்கி வீட்டில் செருப்பு அலமாரியில் அடுக்கியிருந்தேன். விருந்தாளிகள் வந்தால் செருப்பை எந்த மெஷின் தலையில் வைக்கச் சொல்வது என்று என் மனைவி கேட்பாள்.

வெளியே தெரியாத வேலை அது. ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் எதுவும் நடக்காது, எதுவும் நடக்காததற்கு யாரும் கடிதம் எழுத மாட்டார்கள். அதற்காக நான் வருந்தியதில்லை.

போன வருடம் ஒரு கம்பெனி அந்த நூலகத்தையும் மாப்பிள்ளையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அறிமுக விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை மேடையில் நின்று, பழைய ஒட்டுவேலைகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் சுத்தமாக எழுதிவிட்டோம் என்றார். ஒட்டுவேலை என்று அவர் சொன்னது என்னுடைய பதினோரு வருடத்தை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, உருவாக்கியவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்த வரி இல்லை.

மறுநாள் அவர் அலுவலக மாடிப்படியில் நின்று கேட்டேன்.

“மச்சான், அவங்க ஒரே பேரா கேட்டாங்க. நீ செஞ்சது பெரிசில்லன்னு யாரு சொன்னா? ஆனா வெளிய காட்ட முடியாத வேலை. என்னன்னு சொல்லிக் காட்டுவேன், நீயே சொல்லு.”

தோளைத் தட்டிவிட்டு மேலே ஏறிப் போனார். அதையாவது செரித்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் தங்கைக்கு ஒரு பழக்கம், மனசில் எதையாவது மறைத்தால் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைப்பாள். அன்றைக்கு மேசையை மூன்று தடவை துடைத்தாள். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். ஆறு மாசமா என்றாள். “அவரே உன்கிட்ட சொல்லிடுவாருன்னு நெனச்சேண்ணா.” ஆறு மாதத்தில் இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை வரும். அத்தனை ஞாயிறும் என் எதிரே உட்கார்ந்து, எனக்குப் பரிமாறி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோண்ணா என்று சொல்லியிருக்கிறாள்.

அப்போதும் நான் கெட்டவனாக நடந்துகொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து, புதிய வடிவத்தில் ஒரு பிழையைக் கண்டேன். தேதி ஒருநாள் தள்ளிக் காட்டியது. மாப்பிள்ளைக்குத் திருத்தத்தோடு எழுதி அனுப்பினேன். அன்று மாலையே திருத்தம் ஏறிவிட்டது, அவருடைய பெயரில். எனக்கு ஒரு வரி பதில்கூட வரவில்லை. அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. நான் எதைச் சொன்னாலும் அது சத்தமில்லாமல் அவர்களுடையதாகிவிடும்.

இனி நீங்கள் கேட்ட விஷயம்.

சி மொழியில் ஓர் எழுத்தை வைக்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் கழித்தல் எண் நிற்குமா நிற்காதா என்பதை மொழி சொல்வதில்லை, இயந்திரத்தின் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறது. சில இயந்திரங்களில் மைனஸ் ஒன்றைப் போட்டால் மைனஸ் ஒன்றே திரும்ப வரும். சிலவற்றில் இருநூற்று ஐம்பத்தைந்து என்று வரும். வாயுமானியின் கேபிள் கழன்றால் எங்கள் நூலகத்துக்கு வருவது மைனஸ் ஒன்று. அதைக் கண்டதும் தொடர்பு இல்லை என்று திரையில் போட்டு மணியடிக்கவேண்டும். இருநூறுக்கு மேல் எது வந்தாலும் மின்னிரைச்சல் என்று தள்ளிவிட்டு, பழைய எண்ணையே காட்டவேண்டும். ஆக, இரண்டாம் வகை இயந்திரத்தில் கேபிள் அறுந்தாலும் மணி அடிக்காது. கடைசியாக வந்த நல்ல எண் திரையில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதற்கு மருந்து ஒரே சொல். பெட்டிக்கு முன்னால் ‘சைன்டு’ என்று எழுதினால், எந்த இயந்திரமானாலும் கழித்தல் எண் நிற்கும். நாற்பத்தோரு இடங்களில் அதை எழுதிவைத்திருந்தேன். மாப்பிள்ளை சுத்தம் செய்தபோது நாற்பத்தொன்றையும் எடுத்துவிட்டார். அவர் கணினியில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. கம்பெனி பம்ப் நிலையங்களுக்கு விற்ற சின்னப் பெட்டிக்கணினி இரண்டாம் வகை. மூலநிரல் பொதுவில் கிடக்கிறது, யாரும் பார்க்கலாம். நான் பார்த்தேன். அதே பெட்டிக்கணினி என் அலமாரியிலும் இருந்தது. ஓட்டிப் பார்க்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

உங்கள் அறிக்கையில் இதை மாப்பிள்ளையின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். இந்தச் சொல் முதலில் யாருடையது என்பதையும் சேர்த்து எழுதினால் முழுமையாக இருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேனே. ஒரு சொல்லைத் திரும்பச் சேர்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல இருப்பார்கள். ஏதாவது ஒரு சோதனையில் மணி அடிக்காமல் போகட்டும், ஏன் என்று நாலு பேர் கேட்கட்டும், முன்னால் அது ஏன் அடித்தது என்றும் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். சோதனை என்றுதான் நினைத்தேன். ஐந்து மாதம் காத்திருந்தேன்.

பிறகு அந்த நிலையத்து வயர்மேன் எனக்கு எழுதினார். பழைய கையேடு அவர்களுடைய பேனல் கதவுக்குள் ஒட்டியிருந்ததாம், சந்தேகமிருந்தால் எழுத என்று அதில் என் முகவரி இருக்கிறது. துடைப்பதற்காக வாயுமானியின் கேபிளைக் கழற்றினாராம். மணி அடிக்கவில்லை, திரையில் நான்கு அப்படியே இருந்தது. இது சரியா, பம்பைப் பிரிக்க ஆள் இறங்கவேண்டியிருக்கிறது, இந்த எண்ணை நம்பலாமா என்று கேட்டிருந்தார். பேனலின் படத்தையும் இணைத்திருந்தார். எந்தப் பெட்டிக்கணினி என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

மரியாதையாகப் பதில் எழுதினேன். மூன்று வாக்கியம். கேபிள் கழன்றால் உடனே கண்டுபிடிக்கும்படிதான் இந்த நூலகம் எழுதப்பட்டிருக்கிறது என்றேன். இதே வகைப் பெட்டிக்கணினியில் நானே சோதித்திருக்கிறேன் என்றேன். இரண்டும் பொய்யில்லை. எழுதப்பட்டது அப்படித்தான், நான் சோதித்ததும் உண்மை. அன்றைக்குக் கேபிள் முழுக்கக் கழலாமல் இருந்திருக்கலாம் என்பது மூன்றாவது. அது ஊகம். இருந்திருக்கலாம் என்றுதான் எழுதினேன், இருந்தது என்று எழுதவில்லை. அனுப்புமுன் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து வந்தது. “ரொம்ப நன்றிங்க சார். பேனல்ல உங்க பேர் மட்டும்தான் இருந்துச்சு, பதில் போடுவீங்களான்னு நெனச்சேன். இப்ப தைரியமா இருக்கு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு ஃபிட்டர் இறங்குறாரு, மேல நான் நிக்கிறேன்.”

அப்போது காலை பதினோரு மணி. எட்டு மணிக்கு இன்னும் இருபத்தோரு மணி நேரம். நான் சாப்பிட்டேன். சாயங்காலம் மனைவியோடு போய் ஜன்னலுக்குத் துணி எடுத்துவந்தேன், எனக்குப் பிடித்த நிறத்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் கேபிள் எத்தனை மணிக்குக் கழன்றது என்று எனக்குத் தெரியாது. ஃபிட்டர் முதலில் விழுந்திருக்கிறார். அவரைத் தூக்க வயர்மேனும் இறங்கியிருக்கிறார்.

அவருடைய கைபேசி கிணற்றுத் தண்ணீரில் கிடந்ததாகச் சொன்னீர்கள், அதனால் இந்தக் கடிதங்கள் உங்கள் கைக்கு வந்திருக்காது. என்னிடம் இருக்கின்றன. அவர் கேட்டதையும் நான் எழுதியதையும் எடுத்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தெரிந்தேதான் எழுதினேன் என்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக வந்ததை மட்டும் நான் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா? பதினோரு வருடத்தில் அந்த வேலைக்காக ஒருவர் எனக்கு நன்றி சொன்னது அது ஒன்றுதான்.