வெறுங்கால்: பூசினா சுடாது

...அதான் சொல்றேங்க்கா, மனுசனுக்கு மூள இருக்கலாம், இவ்ளோ ஜாஸ்தியா இருக்கக்கூடாது! கால ஆட்டாதீங்க. இந்தப் பாதத்த ஸ்டூல் மேல வைங்க... ஆங், அப்படித்தான். கூசுதா? பிரஷ்ஷு புதுசு, கூசத்தான் செய்யும். சிரிச்சிக்கினே ஒக்காருங்க, பரவால்ல.

நீங்க அந்த வளைவுல திரும்பும்போதே பாத்துட்டேன். சித்திர மாசம், உச்சி வெயிலு, தார் ரோட்டுல செருப்பில்லாம தவ்வித் தவ்வி வந்தீங்களே... ஐயோ பாவம், சிரிப்பும் வந்திச்சு, மனசும் கேக்கல. நாளைக்குப் பௌர்ணமி, கூட்டம் தாங்காதுன்னு இன்னிக்கே கிரிவலம்னு மலையச் சுத்த வந்துட்டீங்க. நல்ல யோசனதான். ஆனா வெயிலுக்கு அதெல்லாம் தெரியுமா?

என் பேரு சரோஜா. உள்ள டமால் டுமீல்னு சத்தம் கேக்குதில்ல? பொட்டி கட்டுறாரு. எங்க வீட்டுக்காரரு, அறிவுமதி. பேருலயே அறிவு. அங்கதான் ஆரம்பிச்சுது என் கஷ்டம்!

ராணிப்பேட்ட பக்கம் ஒரு பெயிண்டு கம்பெனியில லேப்புல இருந்தாருக்கா. நல்ல வேல. ஒரு பௌர்ணமிக்கு லீவு போட்டு வந்தவரு நம்ம வீட்டு வாசல்ல, இதே எடத்துல நின்னாரு. எல்லாரும் மலையப் பாத்துக்கினு போறாங்க, இவரு அவங்க காலையே பாத்துக்கினு நிக்கிறாரு! சாக்ஸு போட்டு நடந்தவங்க சாக்ஸுல ஓட்ட. சில பேரு தண்ணி பாட்டில கால்ல ஊத்திக்கறாங்க. இவரு இன்னும் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாரு. ஒரு அம்மா, "செருப்பு பிஞ்சிடும்"னாங்க. நல்ல வேள, அவங்க கால்ல செருப்பு இல்ல, பொழச்சாரு!

உள்ள வந்து சொல்றாரு, "சரோ, செருப்பும் போடக்கூடாது, காலும் சுடக்கூடாது. நடுவுல ஒண்ணு இருக்கணும்." நான், "நடுவுல சோறு இருக்குது, வந்து சாப்புடுங்க"ன்னேன். அடுத்த மாசம் வேலைய உட்டுட்டாரு.

அந்தக் கால குடுங்க. இது காயட்டும்... தரையில வைக்காதீங்க!

அப்புறம் பக்கத்துல வேங்கிக்கால் ஊர்ல, புதுசா தொழில் தொடங்கறவங்களுக்குன்னு ஒரு பயிற்சி போட்டாங்க. நானும் கூடப் போனேன், மத்தியானம் பிரியாணின்னாங்க. கோட்டு போட்ட ஒரு தம்பி, சரவணகுமார்னு பேரு, "உங்க கஸ்டமரோட வலி எது? அத மொதல்ல கண்டுபிடிங்க"ன்னு கேட்டாரு. ஹால்ல எல்லாரும் யோசிக்கறாங்க. இவரு டக்குனு எழுந்து, "உள்ளங்கால் சார்"னாரு. ஒரே சிரிப்பு! அந்தத் தம்பி மட்டும் சிரிக்கல. "சார், இந்தக் கேள்விக்கு இவ்ளோ நேரா பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான்"னாரு. அவ்ளோதாங்க்கா, அன்னிக்கு ஏறுன குஷி! பஸ்ஸுல வரும்போதே எதிர் சீட்டுக்காரரு பாதத்த அளவெடுக்கப் போயிட்டாரு.

என் சமையக்கட்டு போச்சு. உள்ளங்கால்ல பூசற பூச்சுக்குன்னு தேன்மெழுகு ஒரு சட்டியில, கருவேலம் பிசினு ஒரு சட்டியில, சோத்துக்கத்தாழ குக்கர்ல. எல்லாம் தின்னாலும் ஒண்ணும் ஆவாத சாமானுதான், பயப்படாதீங்க. ஒருநா கவனிக்காம அந்தச் சட்டியிலயே ரசம் வச்சிட்டேன். தட்டுல ஊத்துனா ரசம் எழுந்து நிக்குது!

மொத கலவ வெயில்ல உருகிடுச்சு. பூசிக்கினு ரோட்ல எறங்குனவரு ஒரே வழுக்கு... நேரா வேலியில. ரெண்டாவது கலவ அதுக்கு நேர் எதிரு. வேப்பில, சாமந்திப்பூ, பஸ் டிக்கெட்டு, யாரோ தின்னு போட்ட ஐஸ் கப்பு, ரோட்ல கெடந்தது மொத்தமும் அவரோடயே வந்துடுச்சு. வீட்டுக்குள்ள வந்து டைல்ஸ் மேல நின்னாரா... நின்னவருதான்! தோசத்திருப்பிய வச்சு நெம்பி எடுத்தேன். அப்பக்கூட மொகத்துல என்னா சந்தோசம்ன்றீங்க! "பிடிமானம் வந்துடுச்சு சரோ!"ன்றாரு.

ஆங்... கேட்டீங்களே, நல்ல கேள்வி. செருப்பு இல்லாம நடக்கணும்னுதானே வேண்டுதல, இது செருப்புக் கணக்கா ஆயிடாதான்னு. எனக்கும் அதே பயம். எங்க தெருவுல சம்பந்தமூர்த்தி குருக்கள்னு இருக்காரு, டப்பாவ எடுத்துக்கினு அவருகிட்ட ஓடுனேன். வெரல்ல தொட்டுப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. "வாசல்ல கழட்டி வைக்க முடியுமோ?"ன்னாரு. "முடியாதுங்க சாமி, தானாத் தேஞ்சாதான் உண்டு." "கழட்டி வைக்க முடியாதது எப்படிம்மா செருப்பாகும்? மருதாணின்னா இது! பேஷாப் பூசிண்டு போகட்டும்"னாரு. கடைசியில, "நேக்கு ஒரு டப்பா எடுத்து வை"ன்னாரு பாருங்க, அங்கதான் எனக்கே நம்பிக்க வந்திச்சு.

பேரு வைக்கறதுல ஒரு சண்ட. அவருக்கு இங்கிலீஷ்லதான் வேணுமாம். "ஃபுட் ஷீல்டு அல்ட்ரா." நான் கேட்டேன், "வழியில ஒருத்தரு கால்ல என்னான்னு கேட்டா ஜனங்க என்னா சொல்லணும்? வெறுங்கால்னு சொல்லணும் இல்ல? அதையே வைங்க." மேல பாருங்க, போர்டுல. 'வெறுங்கால்: பூசினா சுடாது.' அது நான் வச்ச பேருங்க்கா!

போன மாசம், பங்குனிப் பௌர்ணமி, சாயந்தரத்துக்கு முன்னாடியே கட தொறந்தோம். வாழ மரம், மேளம், எங்க நாத்தனாரு கவியா மைக்குல! கூட்டம் நெருக்குது. பூசிக்கினு போனவங்க, "ஏம்மா, நெசமாவே சுடலம்மா"ன்னு அந்தாண்ட இருந்து கத்தறாங்க. இவரு கண்ணுல தண்ணி. எனக்குக் காலு தரையில நிக்கல.

அப்ப பாத்து ஒரு பையன், "அண்ணா, ரோடு ஏன் பச்சையா இருக்குது?"ன்றான்.

குப்பமேனி! காலுக்கு நல்லதாச்சேன்னு எலைய அரைச்சு ஊத்தி வச்சிருக்காரு மனுசன். காலு சுடல, சரி. ரோடு பூரா பாதம் பாதமா பச்ச! அதோட போச்சா? பின்னாடி வந்தவங்க, சித்தரு நடந்து போயிருக்காருன்னு ஆரம்பிச்சிட்டாங்க. ஒவ்வொரு பாதத்துக்கும் குங்குமம், சூடம். அப்படியே பாதத்தப் புடிச்சிக்கினு போறாங்க, போறாங்க... அந்தப் பாதம் எங்க போய் முடியுதுன்றீங்க? கட்டணக் கழிப்பறை வாசல்ல! சிரிக்காதீங்க, பூச்சு கலஞ்சிடும்... எல்லாரும் சூடத்தோட கை கூப்பி நிக்கறாங்க. உள்ள இருந்து ஒரு லாரி டிரைவரு வெளிய வராரு. அம்புட்டு பேரும் தொபீர்னு அவரு கால்ல! அந்த மனுசன் பயந்துபோயி திரும்ப உள்ள பூந்து தாப்பாப் போட்டுக்கினாரு. "யாரப்பா நீங்கல்லாம், நான் காசு குடுத்துட்டேம்ப்பா"ன்னு உள்ள இருந்து கத்தறாரு!

அப்புறம் பஞ்சாயத்துல இருந்து வந்து புடிச்சாங்க ஒரு புடி. அவங்களச் சொல்லித் தப்பில்ல. நாங்க ரெண்டு பேரும் வெளக்கமாத்தோட போயி ரோட்டத் தேச்சோம். இன்னொரு தடவ கறை பட்டா கடைய எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க.

அதுக்கப்புறம் மனுசன் சிரிக்கவே இல்லக்கா. ரசம் எழுந்து நின்னப்பக்கூட சிரிச்சவரு! பழைய கம்பெனியில, நாளைக்கே வான்னுட்டாங்களாம். நாளைக்கு ஊரே இங்க வருது, இவரு ஊர உட்டுப் போறாரு. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

இல்லக்கா, அவரு புதுசாக் கலக்காம இல்ல. கலக்கனாரு. குப்பமேனி இல்லாம, பிசினக் கம்மி பண்ணி, வேற பக்குவத்துல ஒரே ஒரு டப்பா. மூடி, பரண் மேல வச்சிட்டாரு. "பூசிப் பாருங்களேன்"னேன். என்னப் பாக்காமயே சொல்றாரு, "இதுவும் தோத்துடுச்சுன்னா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல சரோ." பூசாத வரைக்கும் தோக்கல பாருங்க, அப்படி ஒரு நெனப்பு. அத்தன பேரு காலப் பாத்தவரு, தன் காலுக்குப் பூசிப் பாக்கப் பயப்படறாரு. நான் என்னா பண்ணுவேன், சொல்லுங்க? அவருக்குத் தைரியம் இல்லன்னா என்னா, எனக்கு இருக்குதே! அதான் காலையில அவரு குளிக்கப் போனப்ப ஸ்டூலப் போட்டு ஏறி...

எந்த டப்பாவா? இதாங்க்கா. இப்ப உங்களுக்குப் பூசனேனே.

மூடியிலயா? அது... அது அவரு கையெழுத்து, சும்மா எழுதுனாரு... 'தொடாதே'ன்னு. எனக்குத்தான் அது, உங்களுக்கு இல்ல! மொத ஆளு நீங்கதான், எவ்ளோ பெருமை... அக்கா! எழுந்துக்காதீங்க! ரெண்டாவது காலு இன்னும் காயல... யக்கா! பையி, உங்க பையி! ஐயோ, எடுத்துக்கினு ஓடறாங்களே!

ஏங்க! சீக்கிரம் வெளிய வாங்க! வாங்கன்றேன்!

...தோ, அங்க பாருங்க, நீலப் பொடவ. ஆமா, அந்த டப்பாதான், அப்புறம் திட்டுங்க! மொதல்ல ரோட்டப் பாருங்க. பச்ச இருக்குதா? ஒண்ணும் இல்ல! அவங்களப் பாருங்க. வரும்போது எப்படித் தவ்வுனாங்க தெரியுமா? இப்ப நேரா ஓடறாங்க, கல்யாண வீட்டுக்குப் போறாப்புல! தோ... நின்னுட்டாங்க. ரோட்டு நடுவுல நிக்கறாங்க! காலத் தூக்கிப் பாக்கறாங்க... வைக்கறாங்க... இன்னொரு காலு... வைக்கறாங்க... நகரவே இல்லீங்க! தார் மேல நிக்கறாங்க! யக்கா, சுடுதா? என்னா? இல்லியா? சத்தமா சொல்லுங்க! இல்லியாம்! ஏங்க, சுடலியாம்!

பொட்டியக் கீழ போடுங்க... ஏங்க, நில்லுங்க, நீங்க எங்க ஓடறீங்க? அவங்க கூட நின்னு பாக்கணுமா? இருங்க, நீங்க பூசிக்கலியே!

ஐயோ... குதிக்கறாரு பாரு! அக்கா நிக்கறாங்க, இவரு குதிக்கறாரு... குதிச்சிக்கினே சிரிக்கறாரு!