பாறை மேட்டு வளைவு

பிரேக் பிடிக்கிற விதத்தை வைத்தே ஒரு ஆளைச் சொல்லிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் சைக்கிளை அதன் போக்கில் விடுகிறவர் ஒரு ரகம். அவர் வீட்டிலும் சத்தம் போட மாட்டார். வளைவுக்குள் புகுந்த பிறகு திடீரென்று ஞானம் வந்து, பின் பிரேக்கை இறுக்கி, சக்கரத்தைத் தேய்த்து மண்ணை வாரிக்கொண்டு போகிறவர் இன்னொரு ரகம். என் அத்தான் இந்த இரண்டாவது ரகம். நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன், சார். அவசரப்படுத்தினால் எனக்கு ஓடாது.

நான் பல்செட் செய்கிறவன். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார், நான் என் பட்டறையில் உட்கார்ந்து அதற்குப் பல் கட்டிக் கொடுப்பேன். இந்த ஊர்ப் பெரிய மனிதர்களில் பாதிப் பேருடைய ஈறு என் அலமாரியில் வரிசையாக இருக்கிறது. பல் இல்லாத வாயைப் பார்த்த பிறகு யார் மேலும் பயபக்தி வருவதில்லை. இந்த வேலையில் மயிரிழை பிசகினாலும் மனிதன் சாப்பிட முடியாமல் அழுவான். அந்த மயிரிழையைப் பிடித்துக்கொண்டு தொங்கவே நான் பிறந்ததாக அக்கா சொல்வாள்.

ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில் இரண்டு விதமான வழி உண்டு. ஒன்று, காட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் வண்டி ஏறுவதற்காக வனத்துறை வெட்டிப் போட்ட அகலமான மண்பாதை. தீப்பாதை என்போம். அதில் சைக்கிள் மிதித்து ஏறினால் தொப்பை குறையும், வேறு ஒரு சுகமும் கிடையாது. இன்னொன்று, உச்சியிலிருந்து மரங்களுக்கு நடுவே நெளிந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் மரம் கைப்பிடியை உரசுகிற மாதிரி இருக்கும். அது நான் வெட்டியது. முறைப்படி அனுமதி வாங்கி, மண்வெட்டியைச் சுமந்து, என் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதில் கொட்டினேன். சைக்கிள் சங்கத்து ஆட்களும் உதவிக்கு வருவார்கள். வந்து, மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொண்டு, கொண்டுவந்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மச்சான் பாதையைக் கட்டிக்கொண்டான் என்று அத்தான் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உள்ளதைத்தானே சொன்னார்.

அத்தான் நல்ல மனிதர். இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். டைல்ஸ் கடை வைத்திருந்தார், சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அக்காவைக் கண்கலங்க வைத்ததில்லை. எங்கள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர்தான். நான் பெரும்பாலும் மலையில் இருந்தேன். வாய்க்கால் வெட்டாவிட்டால் ஒரே மழையில் மேல் வளைவுகள் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும், அப்படிப்பட்ட சமயம் அது.

ஆனால் அவரை சைக்கிளில் ஏற்றினால் வேறு ஆள். கைப்பிடியில் ஒரு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு பாட்டைப் போட்டுவிடுவார். மரங்கொத்திகள் குடிபெயர்ந்ததே அவரால்தான் என்று நினைக்கிறேன். மழை விட்டு மண் ஊறிக் கிடக்கும்போது யாரும் இறங்கக் கூடாது என்பது எங்களுக்குள் இருந்த கட்டுப்பாடு. அவர் அப்போதுதான் இறங்குவார்.

"அப்பதான் மச்சான் சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும். இல்லன்னா எதுக்கு இந்தச் சைக்கிளு?" என்பார்.

அடுத்த வாரம் நான் போய் ஒவ்வொரு வளைவையும் மறுபடி கட்டிவிட்டு வருவேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை. வயதில் மூத்தவர், அக்கா புருஷன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலையில் பலகை, கயிறு எதுவும் கட்டுவதில்லை. ஒரு வழி கெட்டுப்போனால் அதன் வாயில் இரண்டு கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிடுவோம், அவ்வளவுதான். வேகமாக வருகிறவன் நின்று யோசிக்க மாட்டான். கிளை கண்ணில் பட்டதுமே கை மறுபக்கம் திரும்பிவிடும். ஊருக்குள் சிவப்பு விளக்கைக்கூட மதிக்காத அத்தான், மலையில் கிளையை மதிப்பார்.

பாதையின் நடுவில் பாறை மேடு என்று ஓர் இடம். அங்கே வழி இரண்டாகப் பிரியும். நேராகப் போவது பழைய வழி. போன மழையில் அதற்குக் கீழே சரிவு மொத்தமாகப் பெயர்ந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது. கொஞ்ச தூரம் வரை பாதை இருக்கும், பிறகு இருக்காது. அதன் வாயில் கிளை போட்டுவிட்டு, வலப்பக்கம் புதிதாக ஒரு வளைவு வெட்டினேன். வெளிப்பக்கம் கல் அடுக்கி, மண் போட்டு, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து மிதித்து உயர்த்திய கரை. உள்ளே நுழைந்துவிட்டால் அதுவே ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். என் கையால் செய்ததில் அதற்கு இணையாக ஒரு பல்செட்டைக்கூடச் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில் அத்தான் மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு வீட்டில் இருந்தார். மலைப்பக்கம் வரவே இல்லை. பழைய வழி விழுந்துவிட்டதைச் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று சொன்னேன். கட்டுக் கையோடு வந்திருந்த தலைவர் அப்போது யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

கட்டுப் பிரித்த சந்தோஷத்தில் அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பாட்டு மேசையில்தான் விஷயம் வெளியே வந்தது.

"மச்சான், ஒரு நல்ல சேதி. உன் பாதைய அகலப்படுத்த பர்மிஷன் வாங்கிட்டேன். திங்கக்கிழம மிஷின் வருது."

"எவ்வளவு அகலம் அத்தான்?"

"ரெண்டு பேரு பேசிக்கிட்டே எறங்கலாம். இப்ப ஓடை மாதிரியில்ல கெடக்கு? அகலமாக்கிட்டா ரேஸ் வைக்கலாம், நம்ம கடை பேர்ல கப்பு குடுக்கலாம்."

"அவன் மூஞ்சியப் பாருங்க. பிடிக்கல போலருக்கு," என்றாள் அக்கா.

"பிடிக்காம இருக்குமா? பாதைக்கு அவன் பேரத்தான் வைக்கச் சொல்லியிருக்கேன்."

நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன். உள்ளுக்குள் எனக்குத் தாங்க முடியாத வேதனை, அதை மறைக்கவில்லை. இன்னொரு தீப்பாதைக்கு என் பேர். உங்கள் குழந்தையைக் கொண்டுபோய் யாரோ மொட்டையடித்து, காதை அறுத்து, அதற்கு உங்கள் பேரையே வைத்துக் கொடுத்தால் நீங்களும் கொஞ்சம் யோசிப்பீர்கள்.

சனிக்கிழமை மத்தியானம் நானே போன் செய்தேன். "மிஷின் வர்றதுக்கு முன்னாடி நாளைக்கு ஒரு தடவ எறங்கிப் பாத்துடுங்க அத்தான். நான் பாறை மேட்டுல நின்னு படம் எடுக்கிறேன்."

"நீயா கூப்பிடுற? இத்தன வருசத்துல ஒரு தடவகூட கூப்பிட்டதில்லையேடா," என்றார். அவர் குரல் லேசாக உடைந்தது. எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு முன்னால் நான் மேலே போய்விட்டேன். பழைய வழியின் வாயில் கிடந்த கிளைகளை எடுத்துப் புது வளைவின் வாயில் போட்டேன். பழைய வழியில் முளைத்திருந்த புல்லைக் கையோடு பிடுங்கி, சருகை ஒதுக்கி, ஆள் நடமாட்டம் உள்ள வழி மாதிரி ஆக்கினேன். அவர் வரும் வரை அங்கேயே நின்றேன். வேறு யாராவது அப்பாவி முன்னால் வந்து விழுந்துவிடக் கூடாது பாருங்கள். பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

முதலில் பாட்டு வந்தது, பிறகு அத்தான் வந்தார். எனக்கு எதிரில் இருந்த மேல் வளைவைப் பின் பிரேக்கால் கிழித்துக்கொண்டுதான் வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். கிளையைப் பார்த்தார், நேராகப் போனார். சத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாட்டு மட்டும் கீழேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் கூப்பிட்டார். "மச்சான்" என்றுதான் கூப்பிட்டார். நான் காது கேளாதவன் மாதிரி இருந்துவிடவில்லை, சார். "இதோ வர்றேன் அத்தான்" என்று பதில் சொன்னேன். முதலில் கிளைகளை எடுத்து இருந்த இடத்திலேயே போட்டேன். சருகைப் பரப்பினேன். பிறகு மண்வெட்டியோடு மேல் வளைவுக்குப் போனேன். கிழிந்த கரையை ஈரம் இருக்கும்போதே மூடி மிதித்துவிட வேண்டும். காய விட்டால் மண் பிடிக்காது, பொடிந்து கொட்டிவிடும். அதை முடித்துவிட்டு நான் பள்ளத்தில் இறங்கியபோது அவர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். இன்னும் சீக்கிரம் தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னது என் காதிலும் விழுந்தது. டாக்டர்கள் மண்வேலை செய்தவர்கள் இல்லை.

நீங்கள் எல்லோருமே இதை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள், சங்கத்து ஆட்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படியே போயிருக்கும்.

நேற்று சாயங்காலம் வனத்துறை அலுவலர் துக்கம் கேட்க வந்தார். வந்தவர் அதோடு போயிருக்கலாம். பாறை மேட்டில் புதிதாக வெட்டிய வளைவு சரியில்லை, கோணம் தப்பு, அதில் திரும்ப முடியாமல்தான் இவர் கிளைகளைத் தாண்டி நேராகப் போயிருக்கிறார் என்று அக்காவிடம் விளக்கினார். கையால் வேறு வரைந்து காட்டினார். துக்கத்துக்காக நிறுத்தி வைத்த மிஷினை மறுநாளே ஏற்றி, அந்த வளைவை முதலில் இடித்துவிடப் போவதாகவும் சொன்னார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஒழுங்கா ஒரு வளைவு வெட்டத் தெரியாதவனுக்கு எதுக்குடா பாதை?" என்றாள்.

வெளியே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். அத்தானைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

மனசாட்சி உறுத்தியதால் வந்ததாக எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் உண்மை. ஒரு தப்பான பேச்சு ஊரில் உலவுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் வனத்துறைக்கு இப்போதே ஒரு போன் போடுங்கள், சார், மிஷின் ஏறிவிடப் போகிறது. அத்தானைக் கொன்றது நான்தான். அந்த வளைவில் ஒரு குறையும் கிடையாது. நான் மட்டும் கிளையைத் தொடாமல் இருந்திருந்தால், அத்தான்கூட அதில் அழகாகத் திரும்பி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.